மைனஸ் முப்பதுக்குப் போன வில்

எக்ஸ்போர்ட் பட்டறைகளில் புதிதாக மெயில் எழுத வருகிற தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் நடந்தது. தப்பு என்னுடையது.

1. ஐஸ்கிரீம் கடையில்

வில் ஐஸ் பெட்டிக்குள் போகவில்லை. வில்லின் நீளம் ஐந்தரை அடி, பெட்டி நாலடி. வண்ணார்பேட்டையில் எங்கள் முதலாளிக்குத் தெரிந்த ஐஸ்கிரீம் கடை அது. பகல் பதினோரு மணி. முதலாளியும் நானும் வில்லைக் குறுக்கே வைத்துப் பார்த்தோம், சரித்து வைத்துப் பார்த்தோம். கோன் வாங்க வந்த பிள்ளைகள் வரிசையாக நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

எங்கள் பட்டறை பேட்டை இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் இருக்கிறது. மூங்கில் பட்டைகளை ரெசின் போட்டு ஒட்டி வில் செய்கிறோம். கப்பி, குறிபார்க்கும் கருவி எதுவும் கிடையாது, பழைய மாதிரி வில்தான். எல்லாமே வெளிநாட்டுக்குப் போகிறது. முக்கால்வாசிப் பேர் போட்டிக்கு வாங்குகிறார்கள், சிலர் வேட்டைக்கு. நம் ஊரில் வேட்டையாடினால் ஜெயில். பாபநாசத்துக்கு மேலே காட்டுக்குள் கால் வைக்கவே அனுமதி வேண்டும். அவர்கள் நாட்டில் அதற்கு பெர்மிட் கொடுக்கிறார்கள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். பிசிக்ஸ் டிகிரி வைத்திருந்ததால் மெயில் எழுதும் வேலை என்னிடம் வந்தது.

இந்த வில்லை ஆர்டர் செய்தவர் கனடாவின் வடகோடியில், மரமே முளைக்காத ஓர் ஊரில் டீசல் மெக்கானிக். பட்டறையில் அவரைக் கனடாக்காரர் என்போம். தரை வரை முடி தொங்கும் ஒரு காட்டெருது அங்கே உண்டு. கனத்தில் நம் எருமைக்குக் குறையாது. அதை அவர் வில்லால்தான் வேட்டையாடுவார். பெர்மிட் ஒரே ஒரு எருதுக்குத்தான். மார்ச் மாதம் பனி கல்லாக இறுகிக் கிடக்கும்போது போவார். தடிமனான சட்டையோடு கையை முழுசாகப் பின்னால் இழுக்க முடியாது, அதனால் இழுவையில் இரண்டு இஞ்ச் குறைத்துக் கொடுங்கள் என்று எழுதியிருந்தார். வில்லைச் சூடான கூடாரத்துக்குள் கொண்டுபோவதே இல்லையாம். உள்ளே போனால் வேர்க்கும், வெளியே வந்ததும் அந்த ஈரம் ஐஸாகிவிடும். வேட்டை முடிகிற வரை வில் பனிச்சறுக்கு வண்டியிலேயே கிடக்கும். எல்லாம் விளக்கிவிட்டு, கடைசியாக ஒரு கேள்வி கேட்டிருந்தார்: இந்த வில்லை மைனஸ் முப்பதில் இழுத்துப் பார்த்தீர்களா?

அதற்காகத்தான் ஐஸ்கிரீம் கடைக்குப் போனோம்.

“ஏலே, ஒரு லிம்ப அர மணி நேரம் உள்ள வைப்போம். பெறவு திருப்பி மத்தத வைப்போம். ரெண்டும் ஒரே மூங்கில்தான” என்றார் அண்ணாச்சி. முதலாளியை நாங்கள் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவோம். லிம்ப் என்றால் கைப்பிடிக்கு மேலும் கீழும் வளைகிற பாகம்.

அப்படியே செய்தோம். பாதி வில் பெட்டிக்குள்ளும் பாதி வெளியிலுமாக ஒரு மணி நேரம் போனது. பெட்டியில் எழுதியிருந்த குளிர் மைனஸ் பதினெட்டு. பிறகு தெருவுக்கு வந்து, வெயிலில் நின்று, அண்ணாச்சி வில்லை நாலு தடவை இழுத்தார். லிம்பிலிருந்து தண்ணீர் சொட்டியது. வில்லுக்கு ஒன்றும் ஆகவில்லை.

“பாத்தியா, ஒரு சத்தம் உண்டா? ஆமான்னு எழுதிரு.”

எழுதினேன். ‘ஆமாம், குளிரில் சோதித்தாயிற்று.’ எத்தனை டிகிரி என்று நான் போடவில்லை. போடாததால் அது பொய் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த வாரமே வில் கூரியரில் போனது.

2. தூத்துக்குடியில்

பிப்ரவரி கடைசியில் கனடாக்காரரிடமிருந்து மெயில் வந்தது. வில் கிடைத்துவிட்டது, அழகாக இருக்கிறது, இன்னும் ஒரு வாரத்தில் கிளம்புகிறேன் என்று எழுதியிருந்தார். கூடவே, போன வருட வேட்டையைப் பற்றியும் கொஞ்சம். இந்த மாதிரி வில்லோடு இருபது கஜத்துக்குள் போனால்தான் அம்பு விட முடியும். அந்தக் குளிரில் காற்று நின்றுவிட்டால் சட்டை உரசுகிற சத்தம்கூட எருதுகளுக்குக் கேட்கும். கேட்டால் ஓடாது. கொம்பை வெளிப்பக்கம் வைத்து வட்டமாக நிற்கும். அதிலிருந்து ஒன்று பிரிந்து ஆளைப் பார்த்து வரும். போன வருடம் அப்படி வந்த ஒன்று அவருக்கு ஆறடி தள்ளித் திரும்பியதாம்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அதைப் படித்தேன். நான் எழுதிய ஆமாமை நம்பி ஒருத்தர் அங்கே போய் நிற்கப்போகிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரே மூங்கிலில் இரண்டு வில் செய்வது எங்கள் வழக்கம். நன்றாக அமைந்தது போகும், மற்றது பட்டறையில் தங்கும். தங்கிய வில்லையும் ஓர் அம்பையும் சாக்கில் சுற்றிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை தூத்துக்குடிக்கு பஸ் ஏறினேன். கண்டக்டர் சாக்கைத் தொட்டுப் பார்த்து என்ன என்று கேட்டார். வில் என்றேன். எந்த ஊரில் நாடகம் என்று கேட்டுவிட்டு டிக்கெட்டைக் கிழித்தார்.

என்னோடு கல்லூரியில் படித்த கனி அங்கே ஓர் இறால் கம்பெனியில் ஷிஃப்ட் சூப்பர்வைசர். இறாலை உறைய வைக்கிற அறை ஒன்று அங்கே உண்டு. அன்று மைனஸ் முப்பத்திரண்டு காட்டியது. வில்லை உள்ளே வைத்துவிட்டு இரண்டு மணி நேரம் வெளியே காத்திருந்தோம். பிறகு கம்பெனி கோட்டு, பூட்ஸ், இரண்டு அடுக்குக் கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டு உள்ளே போனேன். வில்லைக் குளிருக்குள்ளேயே நின்று இழுக்க வேண்டும். ஐஸ்கிரீம் கடையில் நாங்கள் செய்யாதது அதுதான்.

தடிக் கையுறையோடு நாணைப் பிடிக்க வரவில்லை. மேல் அடுக்கைக் கழற்றினேன். விரல் கொஞ்ச நேரத்தில் மரத்துவிட்டது. அம்பை வைத்துப் பைய இழுத்தேன். கடைசி வரைக்கும் கிறீச்சென்று ஒரு சத்தம் கூடவே வந்தது.

“என்னலே, எலி கத்துத மாரி கேக்கு” என்றான் கனி, கதவோரம் நின்றபடி.

திரும்ப இழுத்தேன். ஒவ்வொரு தடவையும் அதே சத்தம். லிம்பில் காதை வைத்துப் பார்த்தேன், அங்கே ஒன்றும் இல்லை. மூங்கிலும் ரெசினும் தாங்கிவிட்டன. சத்தம் கைப்பிடிக்கு மேலே, அம்பு உட்காருகிற இடத்திலிருந்து வந்தது. அம்பு சத்தமில்லாமல் வழுக்குவதற்காகத்தான் அங்கே ஒரு துண்டு தோல் ஒட்டுகிறோம். டார்ச் அடித்துப் பார்த்தால் தோல் பலகை மாதிரி விறைத்துக் கிடந்தது. மேலே வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. நகத்தால் சுரண்டி எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். வெயிலில் அது இளகியதும் முகர்ந்து பார்த்தேன்.

தேங்காய் எண்ணெய்.

3. ஃபினிஷிங் மேசையில்

எங்கள் பட்டறையில் வில்லைக் கடைசியாகத் தொடுகிறவர் எஸ்தரக்கா. பாளையங்கோட்டையிலிருந்து வருகிறார். தோல் ஒட்டுவது, உப்புத்தாள் போடுவது, துடைத்து உறையில் போடுவது எல்லாம் அவர் பொறுப்பு. திங்கட்கிழமை காலை நேராக அவர் மேசைக்குப் போய், தோலில் என்ன போடுகிறீர்கள் என்று கேட்டேன்.

“தேங்கா எண்ணெதான். பெருவிரல்ல தொட்டு ரெண்டு இழுப்பு. நான் வந்த நாளுலேருந்து எல்லா வில்லுக்கும் போடுதேன். போடலன்னா இந்த வெயிலுக்குத் தோலு வெடிச்சிரும்லா?”

வெடிக்கத்தான் செய்யும். அவர் சொன்னதில் தப்பே இல்லை. ஆனால் எங்கள் வேலை முறைச் சீட்டில் எண்ணெய் என்கிற வார்த்தையே கிடையாது. அந்தச் சீட்டை டைப் செய்தவன் நான். அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல்தான் டைப் செய்திருந்தேன். தூத்துக்குடியில் நடந்ததைச் சொன்னேன். எஸ்தரக்கா கையிலிருந்த உப்புத்தாளைக் கீழே வைத்தார்.

“மார்கழியில எண்ணெ உறையும்னு எனக்குத் தெரியாதா தம்பி? காலைல பாட்டில வெயில்ல வச்சுட்டுல்லா எம்பிள்ளைக்குத் தல சீவி விடுதேன். இந்த வில்லு ஐசுக்குள்ள போவுதுன்னு எங்கிட்ட யாரு சொன்னா?”

யாரும் சொல்லவில்லை. அவர் மேசைக்கு வருகிற வில்லில் ஒரு நம்பர் மட்டும்தான் ஒட்டியிருக்கும். அட்ரஸ் என் கம்ப்யூட்டரில் இருந்தது. கனடாக்காரரின் அத்தனை மெயிலையும் நான் ஒருவன்தான் படித்திருந்தேன். அதை ஒரு பெருமையாகவும் வைத்திருந்தேன்.

4. இரண்டாவது மெயில்

கனடாக்காரர் கிளம்ப மூன்று நாள் இருந்தது. உடனே அவருக்கு எழுத வேண்டும் என்று அண்ணாச்சியிடம் சொன்னேன். நாற்காலியில் சாய்ந்துகொண்டு கேட்டார். நான் சொல்லி முடித்ததும் வேண்டாம் என்றார்.

“சவம், ஒரு கீச்சுச் சத்தம். அந்தாளு வேட்டக்காரன், அவனே தொடச்சுக்கிட மாட்டானா? போன மாசம் ஆமான்னு எழுதிட்டு இந்த மாசம் இல்லன்னு எழுதுனா, நாளைக்கு நம்ம வில்ல எவன் நம்புவான்?”

நான் அவரை எதிர்த்துப் பேசினது அதுதான் முதல் தடவை. “அண்ணாச்சி, அவரு இருவது கஜத்துல நிக்காரு. அந்தச் சத்தத்துக்கு மாடு அவரு மேல வந்தா ஓடுததுக்கு அங்க ஒரு மரம்கூட கெடையாது.”

அதற்குள் எஸ்தரக்கா கதவருகே வந்து நின்றார். “எண்ணெ போட்டது நாந்தான அண்ணாச்சி. எம்பேரப் போட்டே எழுதச் சொல்லுங்க.”

அண்ணாச்சி அவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “எவ பேரும் வேண்டாம். என்னமும் எழுதித் தொல” என்று சொல்லிவிட்டு எழுந்து டீ குடிக்கப் போனார்.

இந்தத் தடவை எல்லாவற்றையும் எழுதினேன். முதல் சோதனை மைனஸ் பதினெட்டில், பாதிப் பாதி வில்லாக. இழுத்தது வெயிலில். இரண்டாவது சோதனை மைனஸ் முப்பத்திரண்டில், இன்னொரு வில்லில். மூங்கில் தாங்கியது, தோல் கத்தியது. காரணம் தேங்காய் எண்ணெய். வில் எங்கே போகிறது என்பதை ஃபினிஷிங் செய்கிறவரிடம் நான் சொல்லவில்லை. தோலை உரித்துவிட்டு முடியுள்ள தோல் ஏதாவது ஒட்டுங்கள். அதுவரை இந்த வில்லோடு எருதுக்குப் பக்கத்தில் போகாதீர்கள். கீழே என் பெயரைப் போட்டேன்.

பதில் வரவில்லை. அவர் கிளம்புகிற நாளும் போனது. அந்த ஊரில் நெட் எப்போதும் மோசம் என்று முன்பே எழுதியிருந்தார். அதை எனக்கு நானே பல தடவை சொல்லிக்கொண்டேன். எஸ்தரக்கா தினமும் வேலைக்கு வந்ததும் நேரே என் மேசைக்கு வருவார். நான் இல்லை என்று தலையை ஆட்டுவேன், திரும்பிப் போய்விடுவார். அண்ணாச்சி மூன்றாவது வாரம் ஒரு தடவை, “ஒண்ணும் இல்லையோ?” என்று கேட்டார். இல்லை என்றேன். அன்று அவரும் சாப்பிடப் போகவில்லை.

5. பதில்

இருபத்து மூன்றாம் நாள் வந்தது. நீளமான மெயில். முதல் பத்தி முழுக்கக் கோபம். கிளம்புகிற அன்று காலையில்தான் என் மெயிலைப் பார்த்திருக்கிறார். தோலை உரித்து ஒட்ட நேரமில்லை. நேரம் இருந்திருந்தாலும் எங்கள் வில்லை எடுத்துப்போயிருக்க மாட்டேன் என்று எழுதியிருந்தார். ஒரு மாதத்துக்குள் இரண்டு விதமாகப் பேசுகிற ஆட்கள் செய்த வில்லோடு எருது முன்னால் போய் நிற்க முடியாதாம். தன் பழைய வில்லோடு போயிருக்கிறார். அதில் ஒரு லிம்ப் லேசாக முறுக்கிக்கொண்டிருந்தது. இருந்தும் ஆறாம் நாள் பதினைந்து கஜத்தில் ஓர் எருது கிடைத்தது. ஒரே அம்பு. கறியை நாலு வீடாகப் பங்கு போட்டுக்கொண்டார்களாம்.

ஆள் நல்லபடியாகத் திரும்பிவிட்டார். சொன்னதும் எஸ்தரக்கா “ஸ்தோத்திரம்” என்று சொல்லி, பக்கத்தில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

மெயிலின் மிச்ச பாகம் வேறு மாதிரி இருந்தது. வேட்டை முடிந்து வந்ததும் எங்கள் வில்லில் தோலை உரித்து, கடல்நாயின் முடித்தோல் ஒரு துண்டு ஒட்டி, வெளியே ஒரு வாரம் போட்டுவைத்து, தினமும் இருபது அம்பு விட்டுப் பார்த்திருக்கிறார். எந்த நாள் எத்தனை டிகிரி, இழுக்கிற கனம் எவ்வளவு ஏறியது, நாண் எங்கே விறைத்தது என்று பட்டியல் போட்டிருந்தார். சத்தம் இல்லை. வில்லைத் திருப்பி அனுப்பவில்லை. அடுத்த வருடம் அதை எடுத்துப்போவேன் என்றும் எழுதவில்லை.

அண்ணாச்சி அந்தப் பட்டியலைத் தமிழில் எழுதச் சொன்னார். எழுதி ஃபினிஷிங் மேசைக்கு மேலே ஒட்டியிருக்கிறோம்.

இப்போது ஒவ்வொரு வில்லோடும் போகிற சீட்டில் நம்பருக்குக் கீழே இரண்டு வரி சேர்த்திருக்கிறேன். எந்த ஊருக்குப் போகிறது, எதற்குப் போகிறது. எஸ்தரக்கா அதைப் படிக்காமல் எண்ணெய் பாட்டிலைத் திறப்பதில்லை. குளிருக்குப் போகிற வில்லில் வெறும் தோலுக்குப் பதில் முடித்தோல், எண்ணெய் இல்லை. சோதனை என்று ஒரு வரி உண்டு. அதில் இடம், டிகிரி, எவ்வளவு நேரம், இழுத்தது யார் என்று எல்லாம் இருக்க வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் வில் பார்சல் பெட்டிக்குள் போகாது. மெயில் எழுதுகிறவன் பொருளைக் கையால் செய்வதில்லை. செய்கிறவருக்கு அது போகிற ஊர் தெரிவதில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் இருக்கிற அந்த இடைவெளியை அடைப்பதுதான் நம் வேலை. இங்கிலீஷ் அதற்கப்புறம்தான்.

போன மாதம் அலாஸ்காவிலிருந்து ஒருவர், மைனஸ் நாற்பதில் சோதித்தீர்களா என்று கேட்டு எழுதியிருந்தார். நான் பதில் அடிக்கும்போது அண்ணாச்சி எனக்குப் பின்னால் வந்து நின்றார். ‘இல்லை. மைனஸ் முப்பத்திரண்டு வரைதான் எங்களால் முடிந்தது’ என்று அடித்தேன். அவர் குனிந்து திரையில் அந்த டிகிரியை மட்டும் ஒரு தடவை சரிபார்த்தார்.

“சரி, அனுப்பு” என்றார்.