றெஜினா அக்கா கூட்டிய மாநாடு

றெஜினா அக்கா இறந்த செய்தியை அவருடைய மகள் அனுஷா தொலைபேசியில் சொன்னபோது நான் ஜேர்மனியின் வுப்பர்டால் நகரில் வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தேன். "அம்மா விடியப் போயிட்டா, அன்ரி" என்றாள். நான் எதுவும் சொல்வதற்கு முன்பே, "அண்ணாவுக்கு எப்பிடிச் சொல்லுறது?" என்று கேட்டாள். அவளுடைய அண்ணன் ஜெராட் எங்கே இருக்கிறான், உயிரோடு இருக்கிறானா என்பதே எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

ஹம் நகரில் உங்களில் பலர் அக்காவை முதியோர் இல்லத்தில் வேலை செய்தவராகவும் தேவாலயத்துத் தமிழ்ப் பூசையில் பாடியவராகவும் அறிவீர்கள். சிலர் கடைசி ஆண்டுகளில் அவரோடு கதைப்பதை நிறுத்தியிருந்தீர்கள். உங்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

கணவர் இறந்த பிறகு, எண்பத்து நான்கில், கைக்குழந்தையான அனுஷாவோடு மன்னாரிலிருந்து வந்தவர் அவர். மகனைப் பிறகு கூப்பிடலாம் என்று தமக்கையிடம் விட்டு வந்தார். இங்கே தங்க அனுமதி கிடைத்து, மகனைக் கூப்பிட வழி பிறந்தபோது அவன் போராளி இயக்கத்துக்குப் போய்விட்டான். "நான் அன்ராக் விண்ணப்பம் எழுதி முடிக்கிறதுக்குள்ள அவன் போயிட்டான், தங்கச்சி" என்று ஒருமுறை சொன்னார். அதற்குமேல் அந்தக் கதையை அவர் எடுத்ததில்லை.

தொண்ணூற்று நான்கில் பான் நகரில் ஒரு ஜேர்மன் பெண்கள் குழு அகதிப் பெண்களைப் பேச அழைத்திருந்தது. நான் மொழிபெயர்க்கப் போனேன். அக்கா பேசி முடித்ததும் ஹில்டகார்ட் என்ற ஓய்வுபெற்ற நூலகர் எழுந்து தன் தாயைப் பற்றிச் சொன்னார். முதலாம் உலகப் போர் தொடங்கி ஓராண்டுகூட ஆகாத நேரம். போரிட்ட நாடுகளிலிருந்தும் ஒதுங்கி நின்ற நாடுகளிலிருந்தும் பெண்கள் புறப்பட்டு ஹொலண்டில் ஒரு மாநாடு கூட்டினார்கள். ஜேர்மனியிலிருந்து போன சிலரில் அவருடைய தாயும் ஒருவர். பிரித்தானியப் பெண்கள் பலர் கடல்வழி மூடப்பட்டதால் வர முடியாமல் நின்றுவிட்டார்கள். ஜேர்மன் படை பிடித்து வைத்திருந்த பெல்ஜியத்திலிருந்து சில பெண்கள் வந்து, ஜேர்மன் பெண்களோடு ஒரே மண்டபத்தில் இருந்தார்கள். சண்டையை நிறுத்திப் பேசுங்கள் என்று தீர்மானம் எழுதி, நாடு நாடாகப் போய் ஆட்சியாளர்களிடம் கொடுத்தார்கள். அந்த ஆட்சியாளர்கள் மரியாதையாகச் செவிமடுத்தார்கள்.

"பிறகு?" என்று அக்கா கேட்டார்.

"போர் இன்னும் மூன்று ஆண்டுகளுக்கு மேல் நடந்தது. திரும்பி வந்த அம்மாவைத் துரோகி என்றார்கள். அவருடைய சொந்தத் தம்பியே முகம் கொடுத்துப் பேசவில்லை. பேசாமலேயே போர்முனைக்குப் போய் இறந்தான்" என்றார் ஹில்டகார்ட்.

ரயிலில் திரும்பும்போது அக்கா கேட்டார்.

"அவையள் தோத்துத்தானே போச்சினம்?"

"ஓம், அக்கா."

"தோத்தாலும் ஆரோ ஒருத்தி மண்டபம் பிடிச்சு, கதிரை அடுக்கி, வாங்கோ எண்டு கூப்பிட்டிருக்கிறாள். எங்கட சண்டைக்கு அதுகூட ஒருத்தரும் செய்யேல்லையே."

மாநாடு அந்த ரயிலில்தான் தொடங்கியது.

முதலில் எதிர்ப்பக்கத்துச் சிங்களப் பெண் ஒருத்தி வேண்டும் என்றார் அக்கா. ஹில்டகார்ட் தேடிக் குசுமாவைக் கண்டுபிடித்தார். தெற்கே காலி நகரத்திலிருந்து வந்தவர், கொலோன் பக்கத்தில் ஒரு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை. அவருடைய தம்பி இராணுவத்தில் இருந்தான். என் வீட்டுச் சமையலறையில் இருவரும் சந்தித்தார்கள். அக்காவுக்குச் சிங்களம் தெரியாது, குசுமாவுக்குத் தமிழ் தெரியாது. ஒரே தீவில் பிறந்த இருவரும் வேலைத்தலத்தில் பொறுக்கிய உடைந்த ஜேர்மனில் பேசினார்கள்.

"உங்கள் தம்பிக்கு என்ன வயது?" என்று அக்கா கேட்டார்.

"இருபத்திரண்டு."

"என் மகனுக்கும் அதுதான்."



தொண்ணூற்றைந்தின் தொடக்கத்தில் ஊரில் சண்டை நின்று பேச்சுவார்த்தை நடந்தது. எல்லோரும் உற்சாகமாக இருந்தோம். வருகிறேன் என்று சொல்லாத பெண் இல்லை. மன்னாரிலிருந்து இருவரையும் தெற்கிலிருந்து இருவரையும் அழைக்க ஏற்பாடு செய்தோம். சித்திரையில் பேச்சு முறிந்து சண்டை மீண்டும் தொடங்கியது. அன்றிலிருந்து தொலைபேசி அடித்தபடியே இருந்தது. "அக்கா, இப்ப ஏலாது." "அவர் விடமாட்டேனெண்டுறார்." "பிள்ளையளுக்குப் பிரச்சினை வரும், குறை நினையாதேங்கோ." தருவதாகச் சொன்ன மண்டபத்தையும் தரவில்லை. ஊரிலிருந்து வரவேண்டிய நால்வருக்கும் விசா கிடைக்கவில்லை.

ஒரு பின்னேரம் இயக்க ஆதரவாளர்கள் இரண்டு பேர் அக்காவின் வீட்டுக்கு வந்தார்கள். நானும் அங்கே இருந்தேன். குரலை உயர்த்தாமல்தான் பேசினார்கள்.

"அக்கா, உங்கட மகன் அங்க நிக்கிறான். நீங்கள் இஞ்ச ஆமிக்காரன்ர அக்காவோட ஒரு மேடையில நிக்கப்போறியளோ?"

"அவன் அங்க நிக்கிறபடியாத்தான் நான் நிக்கிறன், தம்பி. உங்கட பிள்ளையள் எங்க நிக்கினம்?"

பேசியவரின் பிள்ளைகள் இருவரும் அனுஷாவோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தார்கள். அதன்பின் பிறந்தநாள், பூப்புனித நீராட்டு என்று எந்தக் கொண்டாட்டத்துக்கும் அந்த வீட்டுக்கு அழைப்பு வரவில்லை. பன்னிரண்டு வயது அனுஷா அம்மாவிடம் ஒருநாள், "நீங்க இதை விட்டா என்ன?" என்று கேட்டு அழுதாள். "விட்டா அண்ணா வந்திடுவானோ?" என்று மட்டும் கேட்டுவிட்டு அக்கா பிள்ளையை மடியில் சாய்த்துக்கொண்டார்.

கோடை முடிவில், பானில் ஹில்டகார்ட் பிடித்துத் தந்த ஒரு சிறிய மண்டபத்தில் மாநாடு நடந்தது. அறை நிறையக் கதிரைகள். வந்தவர்கள் ஒன்பது பேர். கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போமா என்று கேட்டேன். "வந்தவைக்கு மரியாதை இல்லையோ? தொடங்குவம்" என்றார்.

தீர்மானம் எழுதும்போது பெரிய தகராறு வந்தது. தேவாலயத்தில் தஞ்சமடைந்திருந்த மக்கள்மீது குண்டு விழுந்ததை எழுத வேண்டும் என்றார் அக்கா. அப்படியானால் எல்லைக் கிராமங்களில் உறங்கிக்கொண்டிருந்தவர்கள் வெட்டப்பட்டதையும் எழுத வேண்டும் என்றார் குசுமா. ஒரு தமிழ்ப் பெண் எழுந்து வெளியே போனார். குசுமாவும் கைப்பையை எடுத்துவிட்டார். அக்கா கதவடிக்குப் போய் அவருக்கு முன்னால் நின்றார்.

"இரண்டையும் எழுதுவோம்" என்றார். "எழுதிய பிறகு கோபித்துக்கொண்டு போங்கள்."

இரண்டும் எழுதப்பட்டன. அந்தத் தாளைத் தமிழிலும் சிங்களத்திலும் ஜேர்மனிலும் எழுதி இரு தரப்புக்கும் அனுப்பினோம். ஒரு தரப்பிலிருந்தும் பதில் வரவில்லை. சில வாரங்களில் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தது. மழையில் நடந்த சனத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தபடி அக்கா, "எங்கட தாள் எந்த மேசைக்குக் கீழ கிடக்குதோ" என்றார்.

அடுத்த ஆண்டு வடக்கில் ஒரு இராணுவ முகாம் இயக்கத்திடம் விழுந்தது. குசுமாவின் தம்பி அந்த முகாமில் இருந்தான், அவன் தப்பவில்லை. செய்தி கேட்டதும் அக்கா வேலையிலிருந்து நேரே ரயில் ஏறினார். என்னையும் வழியில் கூட்டிக்கொண்டார். குசுமா கதவைத் திறந்து அக்காவைப் பார்த்தார்.

"உன் ஆட்கள்" என்று ஜேர்மனில் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

போவோம் என்றேன். அக்கா மாடிப்படியில் இருந்துவிட்டார். "எங்க போறது, தங்கச்சி? அவள் சொன்னது சரிதானே." அயல்வீட்டுக்காரர்கள் எங்களைத் தாண்டி ஏறினார்கள், இறங்கினார்கள். இருட்டத் தொடங்கிய பிறகு கதவு திறந்தது.

"உன் மகனும் அந்தச் சண்டையில் இருந்தானா?" என்று குசுமா கேட்டார்.

"தெரியாது. இருந்திருக்கலாம்."

"உயிரோடு இருக்கிறானா?"

"அதுவும் தெரியாது."

குசுமா நகர்ந்து வழிவிட்டார். அவர்கள் கட்டிப்பிடித்து அழவில்லை. உள்ளே போய் ஆளுக்கொரு கதிரையில், ஒருவரை ஒருவர் பாராமல் இருந்தார்கள். அந்தச் சண்டைக்குப் பிறகு ஜெராட்டைப் பற்றி ஒரு தகவலும் வரவில்லை.

இரண்டாவது மாநாட்டுக்கு அக்கா ஆட்களைத் தேடிக்கொண்டிருந்தபோதுதான் புற்றுநோய் தெரியவந்தது. கடைசியாக மருத்துவமனையில் பார்த்தபோது அவரிடம் ஆறுதல் சொல்ல முயன்றேன். ஹொலண்டில் கூடிய பெண்களை எண்பது ஆண்டு கழித்தும் நாங்கள் பேசுகிறோமே, உங்களையும் ஒருநாள் பேசுவார்கள் என்றேன். அவர் கண்ணை மூடியபடி சொன்னார்.

"அவையளுக்குப் பிறகு அதைவிடப் பெரிய சண்டை ஒண்டு வந்தது, தங்கச்சி. என்னைப் பற்றிப் பேசி என்ன? பொடியன் வீட்டை வரவேணும். அவளின்ர தம்பி வரவேணும். ஒருத்தனையும் என்னால கொண்டுவர ஏலாமப் போச்சு."



மரண அறிவித்தல் எழுத அனுஷாவும் நானும் உட்கார்ந்தோம். பிள்ளைகளின் பெயர் வரும் இடத்தில் நின்றுபோனோம். அண்ணனின் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று போடுவதா விடுவதா என்று அவள் கேட்டாள். போட்டால் நாங்கள் கொன்றதாகிவிடும். போடாவிட்டால் அவன் ஏன் வரவில்லை என்று ஊர் கேட்கும். கடைசியில் வெறும் பெயரை எழுதினோம். "ஜெராட், அனுஷா ஆகியோரின் அன்புத் தாயாரும்" என்று அச்சாகி வந்தது. அடக்கத்துக்கு வந்தவர்கள் அதை வாசித்துவிட்டு ஒன்றும் கேட்காமல் மடித்து வைத்துக்கொண்டார்கள்.

றெஜினா அக்கா எனக்கு நம்பிக்கை எதையும் விட்டுச் செல்லவில்லை. இருப்பதாக எழுதினால் அது பொய். அவர் விட்டுச் சென்றது குசுமாவை. முன்பு ஞாயிற்றுக்கிழமைகளில் அக்காவோடு தொலைபேசியில் பேசிய பெண் இப்போது என்னோடு பேசுகிறார். கூட்டுவதற்கு மாநாடு இல்லை. அந்த வாரம் தெற்கில் எந்த வீட்டுக்குச் சவப்பெட்டி வந்தது என்று அவர் சொல்வார். வடக்கிலிருந்து எனக்கு வந்த செய்தியை நான் சொல்வேன். இறந்தவர்களின் பெயர்களை இருவரும் ஒருவருக்கொருவர் சரியாக உச்சரித்துக் காட்டுவோம். பிறகு சொல்ல ஒன்றும் இருக்காது. இருவரும் ரிசீவரை வைக்காமல் இருப்போம்.