ஆளை எண்ணாத வீடு

ஆசிரியர் பயிற்சிக்குப் போய்க்கொண்டிருந்த அந்த வருஷம், ராயபுரத்தில் எங்கள் தெருக் குழந்தைகள் யாரும் என்னிடமிருந்து தப்ப முடியாது. நிறுத்தி எண்ணச் சொல்வேன். படித்த வீட்டுப் பிள்ளைகள் கணக்கோடுதான் பள்ளிக்கூடத்துக்கே வருகிறார்கள் என்று எல்லோரிடமும் அடித்துச் சொல்வேன். என் அப்பா ரயில்வே குமாஸ்தா. நான் நடை பழகியதே படிகளை எண்ணித்தான். வேறென்ன சாட்சி வேண்டும்?

பக்கத்து வீட்டு அக்கா இதையெல்லாம் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். அவள் பள்ளிக்கூடம் போனதில்லை. துறைமுகத்தில் மூட்டை தூக்கும் அவள் புருஷனும் அப்படித்தான். மகளைப் பள்ளியில் சேர்க்கும் நாளில் என்னைத் துணைக்கு இழுத்துக்கொண்டு போனாள். கேட்டதற்குப் பதில் சொல்லாத பிள்ளையை அங்கே அடுத்த வருஷம் வரச் சொல்லிவிடுவார்கள்.

"எங்களாண்ட படிப்பு இல்லன்னு இவள தள்ளிடுவாங்களா தங்கச்சி?"

"அதெல்லாம் மாட்டாங்கக்கா. நீ கம்முனு வா."

டீச்சர் அன்பாகத்தான் கேட்டார். "உங்க வீட்ல எத்தனை பேரு?"

குழந்தை வாயைத் திறக்கவில்லை.

"அம்மா, அப்பா... எண்ணிச் சொல்லு பார்ப்போம்."

உதட்டை இன்னும் இறுக்கிக்கொண்டாள். டீச்சர் பேனாவை மூடினார்.

எனக்குப் புரிந்துவிட்டது. அந்த வீட்டில் ஆளை எண்ணமாட்டார்கள். எண்ணினால் கண் பட்டுவிடும் என்று பயம். தலையை எண்ணிய பிள்ளைக்கு முதுகில் ஒன்று விழும். இதை டீச்சருக்கு விளக்கலாமென்று நான் வாயெடுப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள்.

"ராத்திரி சோத்துக்கு எத்தினி தட்டு வெப்பே கண்ணு?"

"ஆறு."

"நைனா நைட் ஷிப்ட்டு பூட்டா?"

"அஞ்சு."

டீச்சர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "சரி. அப்பா வீட்லதான் இருக்காரு. அத்தையும் மாமாவும் விருந்துக்கு வந்துட்டாங்க. இப்ப எத்தனை தட்டு?"

"ஆறு."

"ஆறா? நல்லா யோசிச்சு சொல்லு."

"வூட்ல ஆறு தட்டுதான் கீது. அவுங்க ரெண்டு பேருக்கும் எலை."

டீச்சர் சிரித்தபடி பேனாவைத் திறந்தார். படித்த வீட்டில் எண்ணிப் பேசுவது தானாக அமைந்துவிடுகிறது என்று இன்றும் சொல்வேன். படிக்காத அக்கா அதைத் தினமும் சோறு போடும் நேரத்தில் அமைத்துக்கொண்டிருந்தாள்.

"பெற்றோர் என்ன படிச்சிருக்கீங்க?" டீச்சர் எழுதிக்கொண்டே கேட்டார்.

"ரெண்டு பேருமே படிக்கல டீச்சரம்மா," என்றாள் அக்கா, வராந்தாவுக்கே கேட்கும்படி. "எங்க குந்தணும் இவ, அத சொல்லுங்க."