கோமதி மதினி அழவில்லை

தம்பியை நாற்காலியில் உட்காரவைத்துச் சவரம் செய்துகொண்டிருந்தபோது போன் வந்தது. “சுப்பையா அண்ணாச்சி போயிட்டாவ. நெஞ்சுவலியாம்.” பாதி முகத்தில் நுரையோடு தம்பி என்னையே பார்த்தான். ஐயோ, இனி மதினியை யார் பார்ப்பார்கள் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது.

அவரிடம் படித்த உங்களில் பலருக்கு அவர் வேதியியல் சார். எனக்குத் தென்காசி மனநல டாக்டரின் வாசல் பெஞ்சில்தான் பழக்கம். அவர் மனைவி கோமதி மதினிக்கும் என் தம்பிக்கும் ஒரே நோய், மனச்சிதைவு. டோக்கன் கூப்பிடும்வரை பேசிப் பேசியே சொந்தமாகிவிட்டோம்.

ஒரு சாரல் காலத்தில் மதினியின் அண்ணன் வந்து, தலைச்சூடு தணியட்டும் என்று மாத்திரையை நிறுத்திவிட்டு, தினமும் குற்றால அருவிக்குக் கூட்டிப்போனார். சாரல் முடிவதற்குள் மதினியின் காதில் பழைய குரல்கள் திரும்பிவிட்டன. அண்ணாச்சி சத்தம் போடவில்லை. “குளிச்சா ஒடம்புக்கு நல்லதுதான். மூளைக்குள்ள இருக்க டோபமின் ரசாயனத்தத் தண்ணி கழுவாதுல்லா?” என்றார். மாத்திரையை மறுபடி தொடங்கினார். அருவிக்கும் தானே கூட்டிப்போனார்.

மதினி சிரிப்பதும் இல்லை, அழுவதும் இல்லையே என்று ஒருமுறை அண்ணாச்சியிடம் கேட்டேன்.

“டோபமின் ஒரு எடத்துல மிஞ்சிப்போவுது, அதான் குரல் கேக்குது. இன்னொரு எடத்துல பத்தல, மொகத்துல ஒண்ணும் வரமாட்டேங்கு. டாக்டர் அப்படித்தான் சொல்லுதாரு. முழுசா இன்னும் ஆருக்கும் தெரியாதாம். உள்ள வருத்தம் இருக்கும்மா.”

அண்ணாச்சி இறந்த துட்டி வீட்டில் மதினி ஓரமாக உட்கார்ந்து காப்பி கேட்டார். அவர் அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. “புருசன் செத்துக் கெடக்கான், இவ காப்பி கேக்கா! கல்லு மனசு. பதினாறு கழியட்டும், எங்கயாவது ஹோம்ல கொண்டு விட்டுருவோம்.”

அது கல் மனசு இல்லை, நோய் என்று அண்ணாச்சி சொன்னதையெல்லாம் ஒப்பித்தேன். “செத்த வீட்டுல பாடம் நடத்தாத தாயி” என்றார் மதினியின் அண்ணன். மதினி பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“இனிமே எனக்கு ஆரு இருக்கா?” என்றார் மதினி, செங்கோட்டை பஸ் எப்போது என்று கேட்கிற குரலில். கண்ணில் ஒரு சொட்டு இல்லை.

“நான் இருக்கேன்” என்று சொல்லிவிட்டேன். தம்பி ஒருவனைப் பார்த்துக்கொண்டே ஓய்ந்துபோனவள் நான். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். பதினாறு முடிந்ததும் மதினி மேலகரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்.

அண்ணாச்சி எனக்கு விட்டுப்போனது மதினியைத்தான். அவரால் அழ முடியாததையும் சேர்த்து நான்தான் அழுதுகொண்டிருக்கிறேன்.