தண்ணீரோடு நடந்தவர்

என் கணவர் அப்துல் ஸமட், மாவடிப்பள்ளி வயல்களுக்கு வாய்க்கால் தண்ணீர் பங்கிடும் வட்டவிதானையாக முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் இருந்தார். போகத்தின் முதல் தண்ணீரை அவர் ஒருநாளும் முழுசாகத் திறந்ததில்லை. வாய்க்கால் கதவைச் சாண் அளவு தூக்கி, சிறு தண்ணீர் விட்டு, அதன் நுனியோடு கூடவே வரம்பில் நடப்பார். ஒழுகும் இடமெல்லாம் பார்த்து அடைத்த பிறகுதான் மற்றது. கலியாணம் முடித்த நாலாம் நாளே என்னை விட்டுவிட்டு அப்படி நடக்கப் போனவர். நான் கோபத்தில் சோறு ஆக்காமல் படுத்துவிட்டேன். சேற்றுக் காலோடு வந்து அவரே அடுப்பு மூட்டினார். அந்த ஸமட்டை இப்போது நினைத்தாலும் மனம் நிறைந்துவிடுகிறது.

அறுபத்தொன்பது வயதில், நாலு எட்டு வைத்தாலே அவருக்கு மூச்சு வாங்கியது. இதயத்து வால்வு சுருங்கிவிட்டது, புதிது வைக்காவிட்டால் அடுத்த போகம் காண்பது கஷ்டம் என்றார் கொழும்பு டொக்டர் குணம். நெஞ்சைப் பிளக்காமல் தொடை இரத்தக் குழாய் வழியாக ஏற்றலாமாம். மனிசன் மசியவில்லை.

"உள்ளுக்க என்ன நடக்குமெண்டு பாக்காம, நான் ஒண்டும் செய்ய விடமாட்டன்."

அழுதேன், ஏசினேன். ஒன்றும் எடுபடவில்லை.

டொக்டர் கோபிக்கவில்லை. ஸ்கேன் படங்களை வைத்து இவருடைய இதயத்தையே கொம்பியூட்டருக்குள் செய்து வைத்திருந்தார். அதில் ஒரு வால்வைப் பொருத்தி இரத்தத்தை ஓடவிட்டார். ஓரத்தால் மெல்லிய கோடாக ஒழுகியது.

"இது உங்களுக்குச் சின்னன், ஐயா. மற்ற அளவையும் பாப்பம்."

இவர் கதிரையை இழுத்துக்கொண்டு திரைக்குக் கிட்டப் போனார். இரண்டாவது வால்வுக்குள் ஓடிய இரத்தத்தோடு விரலை வைத்துத் தொடக்கம் முதல் முடிவு வரை கூடவே போனார். மூன்று தரம் போடச் சொன்னார்.

"ஓம், இப்ப ஒழுகல்ல. செய்ங்க டொக்டர்."

வால்வு வைத்த பிறகு, கண் திறந்ததும் என்னிடம் முதலில் கேட்டது, "ஒழுகுதாமா?" என்றுதான். இல்லை என்று தலையை ஆட்டினேன்.

இந்தப் பெரும்போகத்துக்கு வேறொருவர் வட்டவிதானை. ஆனாலும் முதல் தண்ணீர் விடும் காலையில் இவர் வாசலில் நின்று கூப்பிட்டார்.

"றாஹிலா, வாகா, தண்ணியோட போவம்."

கலியாணம் முடித்த முப்பத்தேழு வருஷத்தில் முதல் தரம். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வரம்பில் நடந்தேன். இத்தனை காலமும் ஏன் கூப்பிடவில்லை என்று கேட்டேன்.

"நீ வாறன் எண்டு சொல்லவேயில்லயே."

ஓங்கி ஒன்று வைத்திருப்பேன். புது வால்வு என்றபடியால் விட்டுவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டேன்.