மிச்சமிருந்த தோட்டாக்கள்

சுனாமி வந்த மறுவருடம் அது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் பின்னால், ஒரு பழைய இரும்புக் கோடவுனில் நானும் என் அண்ணியும் வேலை பார்த்துக்கொண்டிருந்தோம். காயலான் கடைக்காரர்கள் ஊர் ஊராக வாங்கும் சாமான்கள் கடைசியில் அந்த மாதிரி கோடவுன்களுக்குத்தான் வந்து சேரும். நாங்கள் மூட்டையைக் கொட்டி, இரும்பு, பித்தளை, பிளாஸ்டிக் என்று தனித்தனியாகப் பிரிப்போம். இரும்பு லாரி ஏறி உருக்காலைக்குப் போய்விடும். அந்த லாரியை ஓட்டியவர் என் அண்ணன். கையுறையெல்லாம் கிடையாது, பழைய சட்டைத் துணியைக் கிழித்துக் கையில் சுற்றிக்கொள்வோம்.

அந்த வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்தவர் அண்ணி. புருஷனோடு வாழ முடியாமல் நான் அண்ணன் வீட்டுக்குத் திரும்பி வந்தபோது, ஏன் வந்தாய் என்று ஒரு வார்த்தை கேட்காமல் பாயில் எனக்கு இடம் விட்டவர். இதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் சரியாக இருக்காது.

ஒருநாள் காலையில், பள்ளிப்பட்டுப் பக்கம் ஏதோ பெரிய வீட்டைக் காலி செய்ததில் வந்தது என்று ஒரு மூட்டையைக் கொட்டினார்கள். பழைய பம்ப்செட் உதிரி, குழாய், பூட்டு, கூடவே மூடி துருப்பிடித்த ஒரு தகர டப்பா. டப்பாவுக்குள் கட்டைவிரல் பருமனில் சிவப்புக் குழல்கள். அடிப்பாகம் பித்தளை. துப்பாக்கித் தோட்டா என்று பார்த்ததுமே தெரிந்தது. சுட்டு முடித்த காலித் தோட்டாக்கள் அதற்கு முன்பும் மூட்டைகளில் வந்ததுண்டு. சுட்டதற்கு அடையாளமாக அடியில் நடுவிலே ஒரு சின்னக் குழி விழுந்திருக்கும். குழலை அறுத்துவிட்டு, பித்தளையை இரும்புக் கட்டை மேல் வைத்துத் தட்டினால் நசுங்கிவிடும். அதைப் பித்தளைக் குவியலில் போட்டுவிடுவோம்.

இந்த டப்பாவில் இருந்தவற்றிலும் குழி இருந்தது. வாய் மட்டும் மூடியிருந்தது, உடம்பு ஊறி உப்பியிருந்தது. நான் சந்தேகமாகப் பார்த்தேன். அண்ணி, மண்ணு அடைச்சிருக்கும், எல்லாம் சுட்டதுதான் என்று சொல்லிவிட்டு ஒன்றை எடுத்து இடது கையில் பிடித்துச் சுத்தியால் தட்டினார்.

சத்தம் கூட அவ்வளவு பெரிதாக எனக்கு நினைவில்லை. புகை இருந்தது. அண்ணி உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தார். கையைப் பார்த்தேன், கட்டைவிரல் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. அப்புறம்தான் முகத்தைப் பார்த்தேன்.

சென்னைக்குக் கொண்டுபோனோம். வலது கண் போய்விட்டது என்று அன்றைக்கே சொல்லிவிட்டார்கள். ஆஸ்பத்திரி வாசலில் கோடவுன் முதலாளி அண்ணனைத் தனியே கூப்பிட்டுப் பேசினார். திரும்பி வந்த அண்ணன், யார் கேட்டாலும் வீட்டில் ஸ்டவ் வெடித்தது என்று சொல்லச் சொன்னார். மருந்துச் செலவு முழுக்க முதலாளி பார்த்துக்கொள்வாராம். அண்ணனுக்கு லாரி வேலையும் போகாது. அந்த நேரத்தில் அது தப்பு என்று எனக்கும் தோன்றவில்லை. ஸ்டவ்வோ தோட்டாவோ, கண் திரும்பி வரப்போவதில்லை.

இரண்டு கண்ணுக்கும் கட்டுப் போட்டுப் படுத்திருந்த அண்ணி பேச ஆரம்பித்ததும் முதலில் கேட்டது தன் கண்ணைப் பற்றி இல்லை.

"அந்த டப்பால இன்னும் இருக்குமேடி. யாராவது எடுத்துத் தட்டிட்டா?"

நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

மறுநாள் கோடவுனுக்குப் போனபோது டப்பா அப்படியே மூலையில் கிடந்தது. உள்ளே ஏழெட்டு இருந்திருக்கும். முதலாளியிடம் கேட்டேன். லோடோடு லோடாக உலைக்கு அனுப்பிவிடு, எரிந்து போய்விடும் என்றார். உலைக்கு முன்னால் ஆட்கள் நிற்பார்களே என்றேன். அப்படியானால் ஏரியில் வீசு என்றார். வெயில் காலத்தில் அந்த ஏரி வற்றியதும் ஆடு மாடு மேய்க்கிறவர்கள் உள்ளே இறங்கி நடப்பார்கள். டப்பாவை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

பக்கத்துக் கம்பெனி கேட்டில் துப்பாக்கியோடு நிற்கும் காவலாளி பட்டாளத்தில் இருந்தவர். டப்பாவைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் எட்ட நின்றே பார்த்தார். இதெல்லாம் ஒருதடவை சுட்டும் வெடிக்காமல் போனது, குழி இருப்பதால் காலி என்று நினைத்துவிடுவார்கள், அதனால்தான் இதற்கு அதிகம் பயப்பட வேண்டும் என்றார். தட்டக்கூடாது, எரிக்கக்கூடாது, புதைக்கக்கூடாது, தண்ணீரில் போட்டால் செத்துவிடும் என்றும் நம்பக்கூடாதாம். லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடையிலோ போலீஸிலோ ஒப்படைப்பதுதான் முறையாம். நீங்களே வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்துவிடுங்களேன் என்று கெஞ்சினேன். அவர் இரண்டடி பின்னால் நகர்ந்தார்.

"என் லைசென்ஸ்ல இல்லாத தோட்டா என் கையில இருந்தா எனக்குத்தாம்மா பேஜாரு."

அவரைக் குறை சொல்ல முடியாது. டப்பாவில் துணியை அடைத்து, ஒயர் கூடையில் வைத்து, ஷேர் ஆட்டோவில் மடிமேல் வைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். ஒவ்வொரு பள்ளத்திலும் வண்டி தூக்கிப் போட்டபோது கூடையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். பக்கத்தில் ஒரு அம்மா குழந்தையோடு உட்கார்ந்திருந்தார். அந்தக் குழந்தை கூடையைத் தொட்டுத் தொட்டு விளையாடியது. நான் அதன் கையை விலக்கிக்கொண்டே இருந்தேன். அந்த அம்மா என்னை முறைத்தார்.

ஸ்டேஷனில் கூடையை வாசலிலேயே வைத்துவிட்டு, உள்ளே தோட்டா இருக்கிறது என்று சொன்னதும் பாராவில் உட்கார்ந்திருந்த போலீஸ்காரர் எழுந்து ஓடினார். அதற்குப் பிறகு சாயங்காலம் வரை என்னை அங்கேயே உட்கார வைத்துவிட்டார்கள். எஸ்.ஐ. திரும்பத் திரும்ப ஒரே கேள்விதான் கேட்டார். துப்பாக்கி எங்கே? நான் கோடவுனைப் பற்றியும் பள்ளிப்பட்டிலிருந்து வந்த மூட்டையைப் பற்றியும் சொன்னேன். போன் போட்டார். முதலாளி காரில் வந்து இறங்கினார். கூடவே அண்ணன்.

அப்படி ஒரு டப்பா தன் கோடவுனுக்கு வரவே இல்லை என்றார் முதலாளி. அந்தப் பெண் புருஷனை விட்டு வந்தது, மனசு சரியில்லை என்றும் சேர்த்துச் சொன்னார். எஸ்.ஐ. அண்ணன் பக்கம் திரும்பி, உன் பொண்டாட்டிக்கு எப்படி அடிபட்டது என்று கேட்டார்.

அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு, "ஸ்டவ் வெடிச்சிது சார்" என்றார்.

நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் நிமிரவில்லை. ஸ்டவ்தான் என்று நானும் தலையாட்டினால் தோட்டா என்னுடையதாகிவிடும். உண்மையைச் சொன்னால் அண்ணிக்கு மருந்து நின்றுபோகும்.

"நேத்து கட்டு மாத்தும்போது அண்ணி தோள்லேருந்து மிளகு மிளகா ஈயக் குண்டு எடுத்தாங்க சார். ஸ்டவ்வுல ஏது ஈயம்?" என்றேன்.

எஸ்.ஐ. அதை எழுதிக்கொண்டார். பள்ளிப்பட்டுப் பக்கம் நிலம் வைத்திருப்பவர்கள் பயிரை மேயும் பன்றியை விரட்ட லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பார்கள், ஆள் செத்ததும் வீட்டார் துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டுத் தோட்டாவை மறந்துவிடுவார்கள் என்று அவராகவே சொன்னார். டப்பாவை ஒரு மணல் வாளிக்குள் வைத்துப் பின்பக்கம் கொண்டுபோகச் சொன்னார். அழிப்பதற்கு மேலதிகாரிகளுக்கு எழுதிப் போட வேண்டுமாம்.

முதலாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. எப்படி முடித்தார்களோ தெரியாது. அன்றைக்கே மருந்துக் காசு நின்றது, அண்ணன் கையிலிருந்து லாரிச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். எனக்கு அந்த ஏரியாவில் எந்தக் கோடவுனிலும் வேலை இல்லை என்றாகிவிட்டது. ஸ்டேஷனுக்கு வெளியே டீக்கடை ஓரம் அண்ணன் என்னிடம் சொன்னதுதான் அவர் என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு.

"ஊரான் ஊட்டுக் கண்ணக் காப்பாத்தப் போன. எங்க ஊட்டுல கண்ணும் போச்சு, சோறும் போச்சு."

அண்ணி வீட்டுக்கு வந்தார். இடது கண்ணிலும் பார்வை மங்கிக்கொண்டே போனது. அரிசியில் கல் பொறுக்கக்கூட முடியவில்லை. அண்ணன் என்னைத் திட்டாத நாளே இல்லை. நேராகத் திட்டமாட்டார், சுவரைப் பார்த்துத் திட்டுவார். அண்ணி வாயே திறக்கமாட்டார். ஒருநாள் அண்ணன் வெளியே போயிருந்தபோது, நான் குழம்பு கலக்கிக்கொண்டிருந்த இடத்துக்குத் தடவித் தடவி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நான் சொல்லித்தான் போன. எனுக்குத் தெரியும். ஆனா அத அவர்கிட்ட என்னால சொல்ல முடியலடி."

பரவாயில்லை அண்ணி என்றேன். பரவாயில்லை என்று மனசு சொல்லவில்லை. அந்த மாதமே அவர்கள் ஊத்துக்கோட்டை பக்கம் அண்ணியின் அம்மா வீட்டோடு போய்விட்டார்கள். என்னைக் கூப்பிடவில்லை. நான் ஒரு பாக்கிங் கம்பெனியில் சேர்ந்து, நாலு பெண்களோடு ஒரு ரூமில் தங்கிக்கொண்டேன்.

அன்றைக்கு எழுதிய வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட வா என்று சில மாதம் கழித்து ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்டார்கள். அந்த எஸ்.ஐ. மாற்றலாகிப் போயிருந்தார். பின்பக்கம் எட்டிப் பார்த்தேன். வாளி அதே இடத்தில்தான் இருந்தது. மணலில் யாரோ பீடியைக் குத்தி அணைத்திருந்தார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று அங்கிருந்தவரிடம் சொன்னேன். சரிம்மா, சரிம்மா என்றார். அடுத்த முறை போனபோது வாளி இல்லை. கேட்டேன். புதிதாக வந்திருந்த கான்ஸ்டபிள் என்னை மேலும் கீழும் பார்த்து, எந்த வாளி என்றார்.

அந்தத் தோட்டாக்களை முறையாக அழித்தார்களா, அவை வேறொரு மூட்டையில் ஏறி வேறொரு கோடவுனுக்குப் போய்விட்டனவா, இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒரு வீட்டைக் கலைத்து, அண்ணனை இழந்து நான் செய்தது ஒரே ஒருத்தருக்காவது பயன்பட்டதா என்று சொல்ல ஆளில்லை. பள்ளிப்பட்டில் அந்த டப்பாவை மூட்டைக்குள் போட்டவர் கெட்டவராக இருந்திருக்கமாட்டார்; வீட்டை விட்டுப் போனால் சரி என்று நினைத்திருப்பார், அவ்வளவுதான். இப்போதும் யாராவது வேண்டாத சாமானை மூட்டை கட்டி வாசலில் வைப்பதைப் பார்த்தால், அது போய்ச் சேரும் இடத்தில் குனிந்து உட்கார்ந்து அதைப் பிரிக்கப்போகும் ஒருத்திதான் எனக்குத் தெரிகிறாள். தொடாதே என்று அவளிடம் சொல்ல அங்கே யாரும் இருக்கமாட்டார்கள்.