மஃப்டியில் வந்தவர்

நான் என்ன பாடம் எடுக்கிறேன் என்று சொந்தக்காரர்களுக்குப் புரியவைக்கும் முயற்சியை எப்போதோ கைவிட்டுவிட்டேன். மதுரையில் ஒரு கல்லூரியில், தேசப் பாதுகாப்பும் உளவுத் தகவல் ஆய்வும் என்கிற முதுகலைப் படிப்புக்கு நான் துறைத் தலைவி. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர், "துப்பாக்கி சுடச் சொல்லிக் குடுப்பீகளா?" என்று ஆசையாகக் கேட்பார். வந்த செய்தியை உடனே நம்பாதே, சொன்னவர் யார், எதற்காகச் சொன்னார் என்று பார், பிறகு ஒரே பக்கத்தில் எழுது. இவ்வளவுதான் நாங்கள் சொல்லிக்கொடுப்பது. அதைச் சொன்னால் அவர் முகம் வாடிப்போகும். அதனால், "ஆமாண்ணே, பீரங்கியும் உண்டு" என்று சொல்லிவிட்டு ரசத்தைக் கவனிப்பேன்.

செல்லூரிலிருந்து ஒரு மாணவி வந்துகொண்டிருந்தாள். சந்து முழுக்க விசைத்தறிப் பட்டறைகள். அவள் அப்பா அதில் ஒரு பட்டறையில் தறி ஓட்டுகிறவர். தறிச் சத்தத்தில் வளர்ந்த பிள்ளை என்பதால் வகுப்பில் சந்தேகம் கேட்டாலும் சண்டைக்கு வந்த மாதிரி இருக்கும். ஆனால் எழுத உட்கார்ந்தால் ஒரு சொல்கூட வீணாக விழாது. உசிலம்பட்டிச் சந்தைக்குத் தனியாகப் போய், மாட்டுத் தரகர்களோடு பேசிப் பேசி, ஒரு வதந்தி எப்படி ஊர்விட்டு ஊர் போகிறது என்று ஆய்வேடு எழுதினாள். அவள் என் செல்லம். அதை வகுப்பில் மறைக்கப் பார்த்தேன், ஒருவரும் ஏமாறவில்லை.

கடைசி வருடம், மத்திய அரசில் எங்கள் படிப்புக்கேற்ற ஒரு வேலைக்குத் தேர்வு எழுதி, நேர்முகத்திலும் தேறினாள். நான் அல்வா வாங்கிவர ஆள் அனுப்பினேன். அவள் அழுதாள்.

"அப்பா விட மாட்டாரு மேடம். வீட்ல மாப்ள பாக்குறாக. மொதல்ல எங்கயாவது வடக்க தூக்கிப் போடுவாங்க. கேட்டாலே ஒடஞ்சு போயிருவாரு."

ஏதோ பேங்க் பரீட்சை என்றுதான் வீட்டில் சொல்லி வைத்திருந்தாள். நியமன உத்தரவு கையில் வந்தால் ஒன்று வேலை, இல்லையென்றால் அப்பா. இரண்டும் கிடைக்காது என்று முடிவே கட்டிவிட்டாள். எனக்கு அந்த மனிதர் மேல் ஆத்திரமாக வந்தது. அவரை நான் பார்த்ததுகூட இல்லை.

இந்த மாதிரி வேலைக்கு உத்தரவு வருவதற்கு முன்னால் அக்கம்பக்கத்தில் விசாரிப்பார்கள். மஃப்டியில் ஓர் அதிகாரி வருவார். எதற்கு விசாரிக்கிறேன் என்று சொல்ல மாட்டார். செல்லூரை முடித்துக்கொண்டு கடைசியாக என் அறைக்கு வந்தபோது அவருக்குக் குரலே இல்லை. தறி ஓடுகிற சந்தில் எதைக் காதோடு கேட்க முடியும்? இவர் கத்திக் கேட்க, அவர்கள் கத்திச் சொல்ல, ரகசிய விசாரணை தெருக்கோடி வரை கேட்டிருக்கிறது. வெந்நீர் வரவழைத்துக் கொடுத்தேன்.

"பிள்ள மேல கொற ஒண்ணும் இல்ல மேடம். ஆனா இந்த வேலைக்குச் சரிப்படுமான்னு யோசனையா இருக்கு. குனிஞ்ச தல நிமிராதாம். அப்பா அம்மாவ விட்டு ஒரு நாள் இருக்காதாம். வேலைக்குப் போற ஆசையே கெடையாதாம். தெருவே சொல்லுது. சமையல் மட்டும் அம்புட்டு நல்லா செய்யுமாம்."

"போன வீட்ல எல்லாம் காபி குடுத்தாங்களா சார்?"

"குடுத்தாங்க. ஒரு வீட்ல கேசரிகூட."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "நல்ல சட்டையா போட்டுக்கிட்டு வந்து, யாருன்னு சொல்லாம, வயசுப் பொண்ணப் பத்தி தெருவுல விசாரிச்சா, நீங்க யாரு சார்?"

கொஞ்சம் யோசித்தார். பிறகு நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். "அடக் கடவுளே. மாப்ள வீட்டுக்காரனா நானு!"

நல்ல இடத்தில் பெண் வாழட்டும் என்று அந்தத் தெரு கூசாமல் புளுகியிருந்தது. உசிலம்பட்டிச் சந்தைக் கதையை நான் எடுத்துச் சொன்னேன். ஆய்வேட்டையும் எடுத்துக் காட்டினேன். புரட்டிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார்.

"இப்பத்தான் மேடம் அவங்க அப்பா பேசுனது புரியுது. அவரு மட்டும் தறிய நிப்பாட்டிட்டு என்னைய வெளிய கூட்டிட்டு வந்தாரு. 'எம் பொண்ணுக்கு எம்புட்டு தூரத்துல வேல கெடச்சாலும் போவாண்ணே. அவள நிறுத்தக் கூடாது. அதுக்குச் சம்மதம்னா மேக்கொண்டு பேசுவோம், இல்லேன்னா வேணாம்'னாரு. இந்த மனுசன் எதுக்கு எங்கிட்ட கண்டிசன் போடுறாருன்னு முழிச்சுக்கிட்டு நின்னேன்."

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. எழுந்து போகும்போது அவர், "இங்க பேசுனது இங்கயே இருக்கட்டும் மேடம்" என்றார். அதை எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அதற்கப்புறம் வந்த நாட்கள் இருக்கிறதே! முன் வரிசையில் முகம் வீங்கி உட்கார்ந்திருப்பாள். பேசியே சம்பளம் வாங்குகிற எனக்கு வாயை மூடிக்கொண்டிருப்பது பெரும்பாடாக இருந்தது. "அப்பாகிட்ட நேரா சொல்லித்தான் பாரேன்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன். வாத்தியார்கள் வழக்கமாகச் சொல்வதுதானே என்று அவள் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவாள்.

உத்தரவு வந்தது. வேறு வழியில்லாமல் அன்றைக்கு வீட்டில் சொன்னாள். மறுநாள் காலையில் என் அறை வாசலில் வந்து நின்றாள்.

"சொல்லிட்டேன் மேடம். போயிட்டு வா பாப்பான்னுட்டாரு. ஆனா அதுக்கு முன்னாடி எங்கிட்ட மன்னிப்புக் கேட்டாரு."

"மன்னிப்பா? எதுக்கு?"

"கொஞ்ச நாளைக்கு முன்னாடி நல்ல எடத்துல இருந்து என்னைய விசாரிச்சு வந்தாகளாம். இவரு, பொண்ண வேலைக்கு விடணும்னு கறாரா பேசிட்டாராம். அவங்க அப்புறம் வரவே இல்லையாம். 'ஒனக்கு வந்த நல்ல வரன நானே கெடுத்துட்டேன் பாப்பா'ன்னு அழுகுறாரு மேடம். இம்புட்டு நாளா அம்மாகிட்டகூடச் சொல்லாம உள்ளயே வச்சுப் புழுங்கியிருக்காரு."

துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அழுகையும் சிரிப்புமாக என்னைப் பார்த்தாள்.

"திரும்பி வராமப் போன அந்த மாப்ள வீட்டுக்காரங்க யாருன்னு தெரிஞ்சா, கையெடுத்துக் கும்பிடணும் மேடம்."

"கும்பிடலாம்" என்றேன். அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்ல எனக்கு உரிமை இல்லை.