முழங்கால் தண்ணீரில் ஒரு வங்கி

வதந்தியை நம்பிப் பணமெடுக்க எல்லோரும் ஓடினால் நல்ல வங்கியும் கவிழ்ந்துவிடும், ஓடுகிறவர் முட்டாள் என்று வங்கி ஊழியர்களுக்கு வகுப்பெடுப்பதுதான் என் பிழைப்பு.

அன்று கொல்கத்தாவில் பேய்மழை. என் மகளின் கல்யாணப் பணம் முழுவதும் ஒரு வங்கியின் பவானிபூர் கிளையில் இருந்தது. அதன் எதிர்வீட்டு பிஸ்வாஸ்தா போனில் கத்தினார்: “தாதா, உங்க பேங்க் டூபே கேச்சே!”

மூழ்கிவிட்டதாம்! பாஸ்புக்கைப் பிடித்துக்கொண்டு, குடையை மறந்து ஓடினேன்.

மூழ்கித்தான் இருந்தது, முழங்கால் மழைத்தண்ணீரில். என் வகுப்புக்கு வந்திருந்த மேனேஜர் தீதி, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாளியால் இறைத்துக்கொண்டிருந்தார். என் கையிலிருந்த பாஸ்புக்கைப் பார்த்தார்.

“என்ன சார், பணம் எடுக்கவா?”

“சேச்சே, தண்ணி எடுக்க” என்று இன்னொரு வாளியைத் தூக்கினேன்.

தீதி இன்றுவரை இதை யாரிடமும் சொல்லவில்லை. நான்தான் ஒவ்வொரு வகுப்பையும் இந்தக் கதையோடு தொடங்குகிறேன். ஓடுகிறவரை முட்டாள் என்று மட்டும் இப்போது சொல்வதில்லை.